காளான் அறையில் சத்தம் அடங்கியபோது

நாங்கள் வீடு பார்க்கப் போன மதியமே அந்த ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டில் ஆள் இல்லை, ஒரு சாமான் இல்லை. ஆனால் கோடி அறையின் சுவரில் பதித்திருந்த எக்ஸாஸ்ட் ஃபேன் மட்டும் கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. பூட்டிக் கிடக்கும் வீட்டுக்குக்கூடக் காற்றோட்டம் கொடுக்கிறாரே, வீட்டுக்காரர் எவ்வளவு பொறுப்பான மனிதர் என்று நான் மனைவியிடம் சொன்னேன். ஆளே இல்லாத வீட்டில் ஃபேன் யாருக்காக ஓடுகிறது என்று அவள் கேட்டாள். எங்கள் வீட்டில் உருப்படியான கேள்விகளை அவள்தான் கேட்பாள், உருப்படாத பதில்களை நான்தான் சொல்வேன். அன்றும் ஏதோ சொன்னேன்.

எனக்கு அந்த அறை பிடித்துப் போய்விட்டது. தடித்த சுவர், ஜன்னல் கிடையாது, ஃபேனுக்கு ஓட்டை தயாராக இருக்கிறது. காளான் வளர்ப்பவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? படுக்கையறை வீட்டின் முன்பக்கம், இது பின்பக்கம், நடுவில் நீளமான ஒரு நடை. அந்த நடையின் நீளத்தைப் பார்த்துத்தான் நான் ஏமாந்தேன். சத்தம் அவ்வளவு தூரம் வராது என்று நினைத்தேன்.

காளான் அறையில் ஃபேனை நிறுத்தவே முடியாது. செடிகொடி மாதிரி இல்லை காளான். நம்மைப் போலவே நல்ல காற்றை எடுத்துக்கொண்டு கெட்ட காற்றை விடும். கெட்ட காற்று தேங்கினால் தலை சிறுத்து, காம்பு மட்டும் நீண்டு, எதற்கும் லாயக்கில்லாமல் போகும். போதாததற்கு, முற்றிய காளான் கண்ணுக்குத் தெரியாத தூளை உதிர்க்கும். அது வீட்டுக்குள் வந்தால் இருமல் ஆளை விடாது. அதனால் ஒரு சின்ன ஃபேன் வடிகட்டிய காற்றை உள்ளே தள்ள வேண்டும், ஒரு பெரிய ஃபேன் அதைவிட அதிகமாக வெளியே இழுக்க வேண்டும். வாசலில் கதவுக்குப் பதிலாக ஜிப் வைத்த பாலித்தீன் திரை ஒன்றைச் சுற்றிலும் ஒட்டிவைத்தேன். பெரிய ஃபேன் இழுக்கிற இழுப்பில் திரை அறைக்குள் குழிந்து விறைத்து நிற்கும். அது அப்படி நிற்கிற வரை உள்ளே இருப்பது எதுவும் வீட்டுக்குள் வராது.

பழைய ஃபேனைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்றை வாங்கி மாட்டினேன். சத்தமே வராது சார் என்று கடைக்காரர் சொன்னார். அவர் கடையில் இருந்து பார்த்தால் வந்திருக்காதுதான்.

என் வீட்டில் வந்தது. சுவர் அதிர்ந்தது, காற்றுக்குழாய் இரைந்தது, மோட்டார் ஒரே சுருதியில் முனகியது. எல்லாம் சேர்ந்து நடை வழியாக நடந்து வந்து என் மனைவியின் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டது. அவளுக்கு ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் இரவு வேலை. விடிய விடிய போன் எடுத்து, யாருக்கு என்ன ஆனது, எந்தத் தெரு என்று கேட்டு வண்டியை அனுப்புவாள். காலையில் வந்து, ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணியை இழுத்துவிட்டு, பட்டப்பகலை இருட்டாக்கிக்கொண்டு படுப்பாள். முன்பெல்லாம் படுத்தால் அடுத்த நிமிஷம் குறட்டை வரும். இந்த வீட்டுக்கு வந்த பிறகு அந்த இருட்டில் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு கிடந்தாள்.

நான் செய்யாத கோமாளித்தனம் இல்லை. சுவரெல்லாம் தெர்மாகோல் ஒட்டினேன். தெர்மாகோல் சத்தத்துக்கு ஆகாது என்று யாரோ சொல்ல, அதைப் பிய்த்துவிட்டு முட்டை அட்டை ஒட்டினேன். சத்தம் அப்படியே இருந்தது, முட்டை வாடை கூடுதலாக வந்தது. டக்ட், அதாவது காற்றுக்குழாய், போடுகிறவர் ஒருவரைக் கூப்பிட்டேன். எப்போது கேட்டாலும் நாளைக்கு வருகிறேன் என்பார். கடுப்பில் அவர் நம்பரை 'நாளைக்கு' என்றே போனில் பதிந்து வைத்தேன்.

ஒரு காலை என் மனைவி வேலையிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். தூக்கக் கலக்கத்தில் தெருப் பெயரை மாற்றி அடித்துவிட்டாளாம். வண்டி வேறெங்கோ போய்விட்டது. வண்டிக்குக் காத்திருந்த ஆள் பிழைத்தது அவருடைய நல்ல நேரம்.

"உங்க மேல கோவம் இல்லைங்க," என்றாள். "எனக்குத் தூக்கம் வேணும். தூங்காம அந்த சீட்ல உக்காந்தா என்னால ஒரு உசுரு போயிடும். இந்த வாரத்துக்குள்ள அந்தச் சத்தத்தை நிறுத்துங்க. இல்லைன்னா நான் அக்கா வீட்டுக்குப் போறேன்."

அவள் கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். நிதானமாகச் சொன்னதால்தான் பயந்துபோனேன். அக்கா வீட்டுக்குப் போனால் சீக்கிரம் திரும்புகிறவள் இல்லை.

அன்றே ஃபேனைச் சுவரிலிருந்து கழற்றி, பழைய சைக்கிள் டியூபை நாடா நாடாவாக வெட்டி, அதில் கூரைக் கொக்கியிலிருந்து தொங்கவிட்டேன். சுவரின் அதிர்வு நின்றது. அப்பாடா என்று காதை வைத்துக் கேட்டால், அதற்கு அடியில் குழாயின் இரைச்சல் தனியாகக் கேட்டது. வளைந்து நெளிந்து கிடந்த மலிவுக் குழாயைத் தூக்கிப் போட்டுவிட்டு, அகலமான நேர்க்குழாய் மாட்டினேன். இரைச்சல் போனது. அதற்கு அடியில் மோட்டாரின் முனகல் இருந்தது. வெங்காயம் உரிக்கிற கதையாக, ஒரு சத்தத்தை உரித்தால் இன்னொன்று இருந்தது, கண்ணில் தண்ணீர் வந்ததுதான் மிச்சம்.

'நாளைக்கு' ஒருவழியாக ஒருநாள் வந்தேவிட்டார். ஃபேனைச் சுற்றிப் பலகைப் பெட்டி செய்து உள்ளே பஞ்சு வைத்தால் முனகலும் போய்விடும் என்றார். ஃபேனை நிறுத்திவிட்டு ஜிப்பைத் திறந்து உள்ளே போனார். நான் நடையில் நின்று பலகை அறுத்துக்கொண்டிருந்தேன். காளான் பைகளுக்காக வேக வைத்த வைக்கோல் வாடையும் ஈர வாடையும் திரை வழியாக வந்தன. கொஞ்ச நேரம் டிரில் ஓடியது. பிறகு ஓடவில்லை.

அவர் வெளியே வந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை.

"சார்," என்று குரலைத் தாழ்த்தினார். "உள்ள யாராவது படுத்திருக்காங்களா?"

காளான் பைதான் தொங்குகிறது என்றேன். அவர் என்னையே பார்த்தார். பெட்டியை நீங்களே மாட்டிக்கொள்ளுங்கள், ரொம்பச் சுலபம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். டிரில்லை உள்ளேயே விட்டுவிட்டார். அதை வாங்கிப்போக வாருங்கள் என்று போன் செய்தால், முதல்முறையாக நாளைக்கு என்று சொல்லாமல், வேண்டாம் சார் என்றார்.

வேலைக்குக் கள்ளம் பண்ணுகிறார் என்றுதான் நினைத்தேன். திட்டிக்கொண்டே பெட்டியை நானே செய்தேன், நானே மாட்டினேன், பஞ்சு குத்திக் கையெல்லாம் அரித்தது. கடைசியாக வேகத்தைக் குறைக்கிற கருவி ஒன்றை வாங்கிவந்து ஃபேனுக்கு இணைத்தேன். மறுநாள் காலை மனைவி படுத்த பிறகு, நடையில் நின்றபடி அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினேன்.

முனகல் தேய்ந்தது. தேய்ந்து, இல்லாமலே போனது.

வீடு அமைதியானது. தண்ணீர்த் தொட்டியில் சொட்டு விழுவது கேட்டது. படுக்கையறையிலிருந்து என் மனைவியின் குறட்டை மெல்லக் கிளம்பியது. அதைக் கேட்டு எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்படியே நடையில் தரையில் உட்கார்ந்தேன்.

அப்போதுதான் இன்னொன்று கேட்டது.

எனக்குப் பயம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. இன்னும் என்னடா பாக்கி என்று வாய்விட்டே சொன்னேன். மெதுவான, நீளமான சத்தம். வரும், நிற்கும், போகும். ஃபேனின் இறக்கை பெட்டியில் உரசுகிறது என்று நினைத்து, ஃபேனை முழுக்க நிறுத்தினேன்.

சத்தம் நிற்கவில்லை.

திரையைப் பார்த்தேன். எப்போதும் உள்ளே குழிந்து நிற்பது இப்போது என் பக்கம் உப்பியிருந்தது. என் முட்டாள்தனம் அப்போதுதான் உறைத்தது. பெரிய ஃபேனின் வேகத்தைக் குறைத்தவன், சின்ன ஃபேனை அப்படியே ஓடவிட்டிருந்தேன். இழுப்பு நின்று தள்ளுவது மட்டும் நடந்தால், அறையில் இருப்பதெல்லாம் வீட்டுக்குள்தானே வரும். தலையில் அடித்துக்கொண்டு சின்ன ஃபேனையும் நிறுத்தினேன்.

திரை தளர்ந்தது.

மறுபடி உப்பியது.

தளர்ந்தது. உப்பியது. ஒவ்வொரு முறை உப்பும்போதும், ஒட்டிய விளிம்பின் இடுக்கு வழியாக வெதுவெதுப்பான காற்று என் கால்விரலில் பட்டது. அதில் வைக்கோல் வாடை இல்லை. நாள்கணக்காக வாய் திறக்காத ஒருவர் வாயைத் திறந்தால் வரும் வாடை அது.



"அது ஃபேன் இல்லைங்க."

என் மனைவி பின்னால் நின்றுகொண்டிருந்தாள். தலை கலைந்து, கண் பாதி மூடி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எப்போது எழுந்து வந்தாள் என்று தெரியவில்லை.

"ராத்திரி பூரா இதைத்தானே கேக்கறேன்," என்றாள். "போனை எடுத்துட்டு, பேச முடியாதவங்க இப்படித்தான் மூச்சு விடுவாங்க."

நான் அவளைத் தடுத்திருக்க வேண்டும். அவள் வேலையில் இதற்கென்று ஒரு முறை இருக்கிறது. கனவில்கூட அவள் அதைத் தப்பாமல் சொல்வாள், பக்கத்தில் படுத்து எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அந்தத் தூக்கக் கலக்கத்தில் அவள் வாய் தானாகத் திறந்தது.

"நான் கேக்கறேன்," என்று திரையைப் பார்த்துச் சொன்னாள். "பேச முடியலைன்னா பரவாயில்லை. ஒரு தடவை தட்டுங்க. ஒரு தட்டுன்னா ஆமான்னு எடுத்துக்கறேன். உங்களுக்கு உதவி வேணுமா?"

திரைக்கு அந்தப் பக்கம், தரையில், ஒருமுறை தட்டும் சத்தம் கேட்டது.

"சரி. பயப்படாதீங்க. ஆள் வர்ற வரைக்கும் நான் லைன்லயே இருப்பேன்."

அவள் வாயைப் பொத்தினேன். அதற்குள் சொல்லி முடித்துவிட்டாள்.

வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். வாயில் வந்த வசவையெல்லாம் சேர்த்து வைத்திருந்தேன். ஆனால் அவர் என்னைப் பேசவிடவில்லை. ஃபேன் ஓடுகிறதா என்று கேட்டார். சத்தம் தாங்காமல் குறைத்தேன், இப்போது நிறுத்தியே விட்டேன் என்றேன்.  பிறகு, "வெளியே வந்துடுச்சா?" என்று மட்டும் கேட்டார். என்ன வெளியே வந்துவிட்டதா என்று நான் கத்தியபோது அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார். அதன் பிறகு என் அழைப்பை அவர் எடுக்கவே இல்லை.

நான் ஆசை ஆசையாகச் செய்த பெட்டியை உடைத்தேன். ஃபேனை முழு வேகத்தில் விட்டேன். பழைய ஃபேனையும் தேடி எடுத்து, தூசியோடு நடையில் வைத்து ஓடவிட்டேன். திரை மறுபடி உள்ளே குழிந்தது. அந்த இரைச்சலில் என் குரலே எனக்குக் கேட்கவில்லை. எந்தச் சத்தத்தை ஒழிக்க நாயாய் அலைந்தேனோ, அதே சத்தத்தை இப்போது கெஞ்சிக் கூத்தாடி வரவழைத்துக்கொண்டிருந்தேன். என் தலையெழுத்தை எங்கே போய்ச் சொல்ல?

பயன் இல்லை. அது திரைக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டிருந்தது.

என் மனைவி நடையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். வேலைக்கு லீவு சொன்னாள். சாப்பாட்டைக் கையில் கொடுத்தால் சாப்பிடுவாள், தூங்க மட்டும் மாட்டாள். கண் செருகும் ஒவ்வொரு முறையும் பக்கத்தில் ஒரு தட்டு கேட்கும். உடனே நிமிர்ந்து, "இருக்கேன், இருக்கேன்," என்பாள். எத்தனை இரைச்சலிலும் அந்தத் தட்டு அவளுக்குக் கேட்டது. எனக்கும் கேட்டது.

தூக்கிக்கொண்டுபோய்ப் படுக்கையறையில் படுக்க வைத்தேன். தட்டு கட்டிலின் சட்டத்தில் கேட்டது. அவள் எழுந்து பழைய இடத்துக்கே போனாள். அக்கா வீட்டுக்குப் போகலாம் வா என்று நானே கெஞ்சினேன். அவள் போய்விடுவாளோ என்று பயந்து கிடந்தவன், போய்த் தொலையேன் என்று காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன்.

"லைன்ல ஆள் இருக்கும்போது எழுந்திரிக்கக் கூடாதுங்க," என்றாள். பேசவே அவளுக்குத் தெம்பில்லை. "யாராவது போய்ச் சேர்ந்து, பக்கத்துல வந்துட்டேன்னு சொல்லணும். அப்பதான் நான் வைக்க முடியும்."

யார் போய்ச் சேருவது, எங்கே போய்ச் சேருவது என்று கேட்டேன்.  அவள் கண்ணுக்குக் கீழே கறுத்துக் குழி விழுந்திருந்தது. உதடு வெடித்திருந்தது. இப்படியே விட்டால் இவள் செத்துப்போவாள் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. டாக்டரிடம் என்ன சொல்லிக் கூட்டிப்போவது? மூச்சு விடுகிற எதற்கோ பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்றா?

மூன்றாம் நாள் மதியம் கரண்ட் போனது. எல்லா ஃபேனும் ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றி ஓய்ந்தன. படுக்கையறை ஜன்னல்களில் கறுப்புத் துணி அப்படியே தொங்கிக்கொண்டிருந்ததால் நடை முழுக்க இருட்டு. அந்த அமைதியில் மூன்று பேர் மூச்சு விடுவது கேட்டது.

என் மூச்சு. அவள் மூச்சு.

இன்னொன்று, எங்கள் இருவருக்கும் நடுவில்.

எனக்குப் பொறுமை அத்தோடு போனது. பயப்படவும் ஒரு தெம்பு வேண்டும், அது எனக்குத் தீர்ந்துபோயிருந்தது. நான் அவளுக்கு எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்தேன். உனக்கு என்னதான் வேண்டும், அவள் உயிரை ஏன் இப்படி வாங்குகிறாய் என்று அந்த இருட்டைப் பார்த்துக் கத்தினேன். மூச்சு கொஞ்சம்கூட மாறவில்லை.

"நீ போய்ப் படு," என்று மனைவியிடம் சொன்னேன். "நான் இங்க உக்காந்திருக்கேன்."

அவள் தலையைத் தூக்கினாள். வேலையில் பேசுகிற குரல் அவளுக்குத் திரும்ப வந்தது, சுத்தமான, அவசரமில்லாத குரல்.

"நீங்க பக்கத்துல போயிட்டீங்களா?"

இந்தக் கேள்விக்கு அர்த்தம் என்னவென்று எனக்குத் தெரியும். அவளே சொல்லியிருந்தாள். தெரிந்தும், எரிச்சலில்தான் சொன்னேனா, அவள் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் சொன்னேனா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. சொன்னேன்.

"ஆமா. பக்கத்துலதான் இருக்கேன்."

அவள் இருட்டைப் பார்த்துத் திரும்பினாள்.

"ஆள் வந்துட்டார்," என்றாள். "இனிமே அவர் பார்த்துக்குவார். நான் லைனை வைக்கிறேன்."

சொன்ன வேகத்தில் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தாள். நான் பதறிப்போய் மூக்கில் விரல் வைத்துப் பார்த்தேன். அதற்குள் குறட்டை வந்துவிட்டது. அவளைத் தூக்கிக்கொண்டுபோய்க் கட்டிலில் போட்டு, போர்வையை இழுத்துவிட்டேன். கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். நடையில் ஒன்றும் இல்லை. காளான் அறையில் ஒன்றும் இல்லை. வீடு முழுக்க அவள் குறட்டை மட்டும் கேட்டது. நான் அசையாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அவள் எழுந்தபோது மறுநாள் வெயில் ஏறியிருந்தது. கறுப்புத் துணியை ஒதுக்கிவிட்டு, சோம்பல் முறித்தாள். முகம் தெளிந்திருந்தது. நடையில் உட்கார்ந்திருந்தது, பேசியது எதுவும் அவள் பேச்சில் வரவில்லை. ஏன் தரையில் உட்கார்ந்திருக்கிறேன் என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"எத்தனை நாளாச்சு இப்படித் தூங்கி," என்றாள். "ஒருவழியா சரி பண்ணிட்டீங்க போல. சத்தம் சுத்தமா போயிடுச்சு இல்ல?"

போய்விட்டது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.  வார்த்தை வரவில்லை, மூச்சுதான் வந்தது.

என் பக்கத்தில் தரையில் ஒரு தட்டு கேட்டது.

நான்தான் ஆமென்று தட்டினேன் என்று நினைத்தாளோ என்னவோ, அவள் அதற்கும் சிரித்துவிட்டு, காபி போடுகிறேன் என்று அடுப்படிக்குப் போனாள். என் இரண்டு கைகளும் என் மடியில் இருந்தன.